மேனி நிறமும் பச்சைக் கோலமும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு முந்திய மாலை அது. நம் சங்கக் கூடத்தின் பின்கட்டில் மகளிர் பலர் கூடியமர்ந்து மறுநாள் விருந்துக்குக் காய்கறி அரிந்துகொண்டிருந்தனர். அவர்களுள் எண்பத்தைந்து வயது கடந்த மூதாட்டியார் ஒருவரும் இருந்தார். மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, எஃகு ஆலை எழுந்த புதிதில் மணமகளாய்க் கணவருடன் இந்தப் பிலாய் நகருக்கு வந்தவர் அவர். அருகில் அவருடைய பேத்தி, கல்லூரியிற் பயிலும் பெண், முகம் வாடி அமர்ந்திருந்தாள். காரணம் என்ன என்று வினவினோம்.

முதல்நாள் அவள் தோழியருடன் நகரிலுள்ள பச்சை குத்தும் கடை ஒன்றுக்குச் சென்றிருக்கிறாள். முன்கையில் மஞ்சள் வண்ணத்தில் சரக்கொன்றைப் பூங்கொத்து ஒன்று குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. கடைக்காரர் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்புத் தோலில் வண்ணம் ஏறாது, வேண்டுமானால் கறுப்பு மையில் ஏதேனும் குத்தித் தருகிறேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். உடன் சென்ற வெளுத்த நிறத்துத் தோழிக்கு ஐந்து வண்ணத்தில் வண்ணத்துப்பூச்சி அமைந்தது. இவள் வெறுங்கையுடன் திரும்பினாள்.

மூதாட்டியார் ஒன்றும் பேசவில்லை. முழங்கைக்குக் கீழ்வரை இறங்கிய தம் ரவிக்கையின் கையை மெல்ல மேலே சுருட்டினார். முன்கையின் உட்புறத்தில் புள்ளியும் வளைகோடுமாக ஒரு கோலம் விளங்கியது. "எனக்கு ஏறியிருக்கிறதே, தாயி. இதை மறைக்கத்தான் அறுபது வருடமாக நீளக்கை ரவிக்கை போடுகிறேன். இங்கே வந்த புதிதில், பட்டிக்காட்டுக்காரி என்று சிரித்தார்கள்" என்றார்.

பேத்தி அந்தக் கையைத் தன் மடிமீது வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்பத்தா, கரியைத்தானே குத்தினார்கள்? பின் ஏன் இது பச்சையாக இருக்கிறது?"

அங்கிருந்தோர் எவருக்கும் விடை தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அன்று எழுந்த அந்தச் சிறு கேள்வியின் பின்னே சென்று நாம் கண்டறிந்தவற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

பெயரிலேயே நிறம்

இக்கலைக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'பச்சை குத்துதல்'. தெலுங்கு மக்கள் இதனைப் 'பச்சபொட்டு' என்பர். மலையாளத்தில் 'பச்சகுத்து'. கன்னடத்தில் 'ஹச்செ', பழைய பகர முதற்சொற்கள் கன்னடத்தில் ஹகரமாகத் திரிதல் இயல்பாதலின், இதுவும் நம் பச்சையே ஆகும். நான்கு மொழிகளும் ஒரு நிறத்தின் பெயரையே இக்கலைக்கு இட்டுள்ளன என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி வடக்கே வருவோம். நம்மைச் சூழ்ந்து வாழும் மக்கள் இதனைக் 'கோத்னா' என்கின்றனர். குத்துதல் என்பதே அச்சொல்லின் பொருள். மராத்தியர் கூறும் 'கோந்தண்' என்பதும் அத்தகையதே. உலகெங்கும் பரவிவிட்ட 'டாட்டூ' என்னும் சொல்லோ பசிபிக் பெருங்கடல் தீவுகளிலிருந்து வந்தது. 1769-ஆம் ஆண்டில் கேப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபோது, அத்தீவினர் மேனியிற் கோலம் பொறித்துக்கொள்வதைக் கண்ட ஆங்கிலேயர் அவர்தம் சொல்லைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். தட்டுதல் என்னும் பொருளுடையது அச்சொல்.

ஆக, பிறர் செயலைக் கண்டு பெயரிட்டனர். தென்னாட்டார் செயலின் பின் மேனியில் எஞ்சி நிற்கும் நிறத்தைக் கண்டு பெயரிட்டனர். குத்தியது கரி, தோன்றியது பச்சை. தோன்றியதையே நம் முன்னோர் பெயராகக் கொண்டனர். மாநிற மேனியின்மீது கரி எவ்வாறு தோன்றும் என்பதை இப்பெயரைவிடச் சுருக்கமாகக் கூறிவிட இயலாது.

கருமை, நீலம், பசுமை ஆகிய மூன்றுக்கும் இடையே நம் மொழி கடுமையான வேலி இட்டதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருமாலைக் கரியவன் என்றும், நீலமேனியன் என்றும், பச்சைமேனியன் என்றும் ஒரே வாயாற் போற்றுவது நம் மரபு. எனினும், பச்சை என்னும் பெயர் சொல்வழக்கின் நெகிழ்ச்சியால் மட்டும் வந்ததன்று. அதற்கு இயற்கையிலேயே காரணம் உண்டு.

தோல் என்னும் திரை

நம் தோல் ஒரே படலம் அன்று. மேற்புறத்தில் மெல்லிய மேல்தோல். அதன்கீழ்த் தடித்த உள்தோல். மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. பச்சை குத்தும் ஊசி அதனைத் துளைத்து உள்தோலில் மையைச் சேர்க்கிறது. அங்கே உடலின் காவல் அணுக்கள் மைத்துகளை அயற்பொருள் என எண்ணி விழுங்குகின்றன. ஆனால் செரிக்க மாட்டாமல் வைத்திருக்கின்றன. 2018-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்திய ஆய்வு ஒரு வியப்பான செய்தியை வெளிப்படுத்தியது. மையை விழுங்கிய அணு இறந்தவுடன் துகள்கள் வெளிப்படுகின்றன. அருகில் வரும் புதிய அணு அவற்றை மீண்டும் விழுங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பொருளைக் கைமாற்றிக் காப்பதுபோல் இச்செயல் நடைபெறுகின்றது.

மை தங்குவது உள்தோலில். நமக்கு நிறம் தரும் மெலனின் என்னும் கருநிறமி மிகுந்திருப்பது மேல்தோலில். இதனை நன்கு மனங்கொள்ளுதல் வேண்டும். மேனி நிறம் எதுவாயினும் மை ஏறும் இடம் ஒன்றே. ஏறும் முறையும் ஒன்றே. மெலனினை ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கைகூட வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை ஆக்கும் நிறமியின் அளவும், அது பரவியிருக்கும் முறையுமே வேறுபடுகின்றன. ஆகவே, "கறுப்புத் தோலில் வண்ணம் ஏறாது" என்ற கடைக்காரர் கூற்றுப் பிழையானது. வண்ணம் ஏறும், நாம் அதனை ஒரு பழுப்புத் திரையின் வழியே காண்கிறோம் என்பதே உண்மை.

பழுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றை வண்ணப் படத்தின்மேல் வைத்துப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். வெள்ளை, கண்ணாடியின் நிறத்தையே பெறும். மஞ்சளும் இளஞ்சிவப்பும் மங்கிக் கண்ணாடியோடு கலக்கும். அடர்ந்த சிவப்பு சற்றுக் கருத்து நிற்கும். அடர்நீலமும் அடர்பச்சையும் ஆழம் பெற்றுத் தெரியும். கறுப்போ கறுப்பாகவே நிற்கும். பேத்தி விரும்பிய கொன்றை மஞ்சள் இத்திரையின்கீழ் மிகவும் இழப்பது என்பதும் உண்மையே. அதனைக் கடைக்காரர் இனிய சொல்லால் விளக்கியிருக்கலாம். அடர்ந்த செம்மஞ்சளும் தடித்த கரைக்கோடும் கொண்டு வேறு வகையாக வரைந்தும் காட்டியிருக்கலாம்.

இனி, கரி பச்சையாகும் காரணம் காண்போம். தோலுட் புகும் ஒளியில் நீலப்பகுதி மேலடுக்குகளிலேயே பெரிதும் சிதறித் திரும்பிவிடுகின்றது. செவ்வொளி ஆழம்வரை செல்கின்றது. வெறுந்தோலில் அந்தச் செவ்வொளியும் சிதறி மீண்டு வருவதால் தோல் தன் இயல்பான நிறம் காட்டுகின்றது. கரி தங்கிய இடத்திலோ, ஆழம் சென்ற ஒளியைக் கரி விழுங்கிவிடுகின்றது. மேலே சிதறிய நீலமே மிஞ்சுகின்றது. அந்நீலம் மாநிறத் திரையின் வழியே வருங்கால் பசுமை கலந்து தோன்றுகிறது. மணிக்கட்டில் ஓடும் இரத்தக்குழாய் நீலமாகவும் பச்சையாகவும் தோன்றுவதற்கும் இத்தகைய ஒளிச்சிதறலே காரணம். குருதி எவர்க்கும் சிவப்புத்தானே!

வெளுத்த மேனியில் கரி நீலமாகத் தோன்றும். மாநிறத்தில் பசுமை கலக்கும். மிகக் கரிய மேனியில் கோடு மேனியோடு ஒன்றிவிடும். எனவே, எந்த மக்கள் எவ்வகைக் கோலத்தை விரும்பினர் என்னும் வரலாற்றில் மேனி நிறத்துக்கும் ஓர் இடம் உண்டு.

உலக மாந்தர் கண்ட வழிகள்

மிகக் கரிய மேனியுடைய ஆப்பிரிக்க மக்கள் பலர் மையை நாடாமல் தழும்பை நாடினர். தோலைக் கீறி, ஆறும்போது மேடாக எழும் தழும்புகளையே கோலமாக்கினர். தென்சூடான் நாட்டு நுவேர் மக்களிடையே ஆண்மகன் பருவம் எய்தியதன் அடையாளமாக நெற்றியில் ஆறு கோடுகள் கீறும் வழக்கம் இருந்தது. நிறம் காட்டாத இடத்தில் நிழல் காட்டும். கண்ணுக்கு மட்டுமன்றி விரலுக்கும் புலப்படும். கரிய தோல் தழும்பை மேடாக வளர்க்கும் இயல்பு மிக்கது என்பதும் இதற்குத் துணைநின்றது.

பசிபிக் தீவினரின் மேனி மாநிறம். அவர்கள் கரியை விடாமல், கோட்டை அகலமாக்கினர். சமோவாத் தீவில் ஆடவர் இடுப்பு முதல் முழங்கால் வரை கருமையே பரப்பினாற்போலக் குத்திக்கொள்வர். இடையிடையே விடப்பட்ட வெறுந்தோலே அங்கு வெண்கோடாக விளங்கும். வெளிர் மேனியுடைய சப்பானியரோ கருமையோடு சிவப்பு முதலிய வண்ணங்களையும் சேர்த்து, முதுகு முழுவதும் மீனும் மலரும் அலையும் தீட்டினர். அந்நாட்டு அரசு 1872-இல் அக்கலைக்குத் தடை விதித்தது. 1948-இல்தான் அத்தடை நீங்கியது.

எனினும் மேனி நிறம் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்தது என்று கூறிவிடலாகாது. எத்தியோப்பியாவின் மாநிற மகளிர் கழுத்திலும் தாடையிலும் நேர்த்தியான கருங்கோடுகள் குத்திக்கொண்டனர். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதன் உடலில் 61 பச்சைக்குறிகள் உள்ளன. அனைத்தும் கரியாலானவை. கருமையடைந்த தோலில் மறைந்து கிடந்த குறிகளையும், கண்ணுக்குப் புலனாகாத ஒளி உட்படப் பலவகை ஒளியிற் படம் பிடித்து 2015-இல் கணக்கிட்டனர். அம்மனிதனின் மேனி இன்றைய ஐரோப்பியர் மேனியைவிடக் கருமை மிக்கது என்று 2023-இல் வெளிவந்த மரபணு ஆய்வு கூறுகிறது. கரி எங்கும் கிடைப்பது. எந்த அடுப்பிலும் விளக்கிலும் பிறப்பது. எல்லா மேனியிலும் நெடுநாள் நிற்பது. மனித இனத்தின் முதல் மை அதுவாக அமைந்ததில் வியப்பில்லை.

தமிழகத்துப் பச்சை

தமிழ் மகளிர் மேனியிற் கோலம் எழுதியதைச் சங்க நூல்கள் 'தொய்யில்' என்று குறிக்கின்றன. தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதி, பின் அழிந்துபோகும் அக்கோலம் வேறு; குத்தி நிலைக்கச் செய்யும் பச்சை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்று கூறலாம். அச்சங்கப் புலவர்கள் மகளிர்க்கு அழகெனப் பாடிய நிறம் மாமை, மாந்தளிரின் நிறம். பிரிவால் அந்நிறம் கெட்டு வெளிறிப் படரும் பசலையையே அவர்கள் நோய் என்றனர். மாநிறத்தைக் குறையெனக் கருதும் மனம் நமக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததே.

பச்சை குத்துவது தென்னாட்டில் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிரின் தொழிலாக இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்கள் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்டவர். இத்தொழிலையும் விரிவாகக் குறித்துவைத்தவர். மஞ்சளும் அகத்திக் கீரையும் சேர்த்தரைத்துத் துணியிற் பொதிந்து திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியிற் படியும் புகைக்கரியைச் சுரண்டி எடுப்பர். அதனைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகிவிடும். ஊசிகள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிக் குத்துவர். வலி மறக்கப் பாட்டும் பாடுவர்.

நம் மூதாட்டியாரின் நினைவும் இதனோடு பெரிதும் ஒத்திருந்தது. அவருக்குப் பச்சை குத்தியபோது வயது பத்தோ பதினொன்றோ. தை மாத அறுப்பு முடிந்து களத்தில் நெல் இருந்த காலம். கூடை சுமந்து வந்த குறத்தியம்மாள் திண்ணையில் அமர்ந்து சிறுமியரின் கைகளை ஒவ்வொன்றாகப் பற்றிப் பார்த்தாராம். நிறம் சிவந்த சிறுமியர்க்கு நெருக்கமான சிறு பூக்கள் குத்தினார். இவர் கையைக் கண்டதும், "இந்த மேனிக்குப் புள்ளி பெரிதாக இருக்க வேண்டும், வரிக்கு வரி ஓர் அரிசி இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் வயது ஏற ஏற வரியெல்லாம் பரந்து ஒன்றாய்விடும்" என்று கூறி, முன்கையின் உட்புறத்தைத் தேர்ந்தாராம். வெயில் படாமையால் அவ்விடம் சற்று வெளிர்ந்திருக்கும் அன்றோ? கூலி இரண்டு படி நெல்லும் வெற்றிலைப் பாக்கும்.

இன்றைய தோல்நூல் வல்லுநர் கூறும் அறிவுரையும் இதுவே: மாநிற மேனிக்குத் தடித்த கோடு, அகன்ற இடைவெளி, வெயில் படா இடம். மைத்துகள்கள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே பரவும் என்பதையும் அவர்கள் கூறுகின்றனர். எழுத்தறியாத அந்த அம்மையார் இதனை எந்தப் பள்ளியிற் பயின்றார்? தாயின் கையிலும் பாட்டியின் கையிலும் பயின்றார். "உனக்கு ஏறாது" என்ற சொல்லை அவர் எந்தச் சிறுமியிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மேனிக்கும் ஏற்ற கோலம் ஒன்று அவரிடம் இருந்தது.

அக்கோலங்களின் வடிவமும் கருதத்தக்கது. புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே முடியும் வாசற்கோலமே பலவற்றுக்கு மூலம். 1937-இல் ஜான் லேயர்டு என்னும் ஆங்கில மானிடவியலார், தென்னிந்திய வாசற்கோலத்துக்கும் பச்சைக்கோலத்துக்கும் உள்ள உறவைத் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். மண்தரையில் வெள்ளை மாவு. மாநிற மேனியில் கருமை. தரைக்கும் தோலுக்கும் எதிர்நிறம் எதுவோ அதனையே நம் பெண்டிர் தேர்ந்தனர்.

இத்தொழிலாளர் பட்ட துயரையும் மறைக்கலாகாது. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, ஊர் ஊராய்ச் செல்லும் குறவர் குலத்தாரில் பலர் அதன் வலையில் அகப்பட்டனர். திண்ணைதோறும் அமர்ந்து கலை வளர்த்தவர் காவல் நிலையம்தோறும் கைந்நாட்டு இடலாயினர். நாடு விடுதலையடைந்த பின், 1952-இல் அச்சட்டம் இந்தியா முழுவதும் நீங்கியது. ஆனால் சட்டம் ஒட்டிய இழிவு அத்தனை விரைவில் நீங்கவில்லை. பச்சை குத்துவோரை இழிவாகக் கண்ட சமுதாயம், நாளடைவில் பச்சையையும் இழிவாகக் காணத் தொடங்கிற்று. மூதாட்டியாரின் நீளக்கை ரவிக்கைக்குப் பின்னே இத்துணை வரலாறு இருக்கின்றது.

நாம் வாழும் மண்ணின் கோத்னா

நாம் குடியேறி வாழும் இச்சத்தீஸ்கர் மண்ணும் பச்சைக்குப் பெயர்பெற்றதே. 1959-இல் முதல் ஊதுலை எரியத் தொடங்கியபோது இங்கு வந்த நம் முன்னோர், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கோத்னா குத்தும் தேவார் குலப் பெண்டிரைக் கண்டிருப்பர். மைக்கல் மலைத்தொடரில் வாழும் பைகா மகளிர் நெற்றியிலும் கையிலும் காலிலும் முதுகிலும் கோலம் தாங்குபவர். 1939-இல் வெரியர் எல்வின் அம்மக்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். அவர்தம் கோலங்களும் அகன்ற கோடும் புள்ளியுமாகவே அமைந்தவை; நிறம் கருமை ஒன்றே. இறந்தபின் உடன்வரும் அணி இதுவொன்றே என்பது அவர்கள் நம்பிக்கை. அதே நம்பிக்கையை நம் ஊர்ப் பாட்டிமாரும் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

மகாநதிக் கரைப் பக்கத்து ராம்நாமி மக்களின் வரலாறு நெஞ்சை உருக்குவது. சாதியின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாத அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரசுராம் என்பார் காட்டிய வழியில், இராமன் பெயரைத் தம் மேனி முழுவதும் குத்திக்கொண்டனர். நெற்றியிலும் கன்னத்திலும் இமையிலுங்கூட அப்பெயர். கோயிற் கதவு அடைபட்டால் மேனியே கோயில் ஆகுக என்பது அவர் துணிவு. எந்த மேனியைக் கண்டு பிறர் விலக்கினரோ, அந்த மேனியிலேயே அப்பெயரை அவர்கள் நிலைநாட்டினர்.

இதே குத்துதல் கொடுமைக்கும் பயன்பட்டதுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1797 முதல் வங்காளத்தில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைக் கோத்னாவாகப் பொறித்தனர். 1849-இல்தான் அவ்வழக்கம் ஒழிந்தது. தானே விரும்பிக் கொண்ட குறி அணி. பிறர் வலிந்து இட்ட குறி வடு. இரண்டுக்கும் மை ஒன்றே.

வண்ணம் வந்த கதை

1891-இல் நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரெய்லி மின்சாரப் பச்சைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். எடிசன் படிபெருக்குவதற்காக அமைத்த மின்எழுதுகோலே அதற்கு முன்மாதிரி. பொறியின் பின்னே வேதித் தொழிற்சாலைகளின் பலவண்ண மைகளும் வந்தன. இவை பெரிதும் வளர்ந்தது வெள்ளையர் நாடுகளில். ஆதலின், எந்த வண்ணம் எவ்வாறு தோன்றும் என்னும் அளவுகோலும் வெளிர்தோலையே அடிப்படையாகக் கொண்டது. இது பச்சைக் கடைக்கு மட்டும் உரிய குறையன்று. தோலின் வகைகளைக் கணிக்க அமெரிக்க மருத்துவர் பிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த புகழ்பெற்ற அளவுகோலில் முதலில் இருந்தவை வெள்ளைத் தோலின் நான்கு வகைகளே. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. உலக மக்களுட் பெரும்பாலோர் மேனி, கணக்கிற் கடைசியாக வந்து சேர்ந்தது!

இக்காலத்து இளைஞர்க்கு ஒரு செய்தியும் கூறியாக வேண்டும். குத்திய பச்சையை நீக்க இந்நாளில் லேசர் ஒளியைப் பயன்படுத்துகின்றனர். கருமையை நீக்கும் நெட்டலை ஒளியை மெலனின் குறைவாகவே ஈர்க்கும். ஆதலின் அது மாநிற மேனிக்குப் பெரிதும் ஏற்றது. சிவப்பு, பச்சை முதலிய வண்ணங்களை நீக்கும் குற்றலை ஒளியையோ மெலனின் மிகுதியாக ஈர்க்கும். அதனால் தோல் வெந்து நிறம் மாறும் இடர் நம்மவர்க்கு மிகுதி. தழும்பு மேடாக எழும் இயல்புடைய குடும்பத்தினர் குத்துவதற்கு முன்னரே மருத்துவரைக் கேட்டல் நலம். ஊசி ஒருவர்க்கு ஒன்றாகப் புதிதாய் இருத்தல் இன்றியமையாதது. ஒரே ஊசியைப் பலர்க்கும் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமி உள்ளிட்ட கொடிய நோய்கள் தொற்றும். பழைமையைப் போற்றும் ஆர்வத்தில் இதனை நாம் மறத்தலாகாது.

செய்யத்தக்கது

நம் குடியிருப்பில் பழைய பச்சையைத் தாங்கிய மூதாட்டியர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே. சுவடியைக் கரையான் அரித்தாலும் படி எடுத்திருக்கலாம். கல்வெட்டு சிதைந்தாலும் மைப்படி காத்திருக்கலாம். இக்கோலங்களோ உடையவரோடு எரிந்து மறைவன. ஆதலின் அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துப் பாட்டியின் கையை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அக்கோலத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்த வயதில், யார் குத்தினார், என்ன பாட்டுப் பாடினார் என்பதையும் குறித்து நம் சங்க நூலகத்திற் சேர்ப்பியுங்கள். இப்பிலாயில் ஒரு குறத்தியம்மாளின் கைவண்ணம் காக்கப்படுமாயின், அது நம் சங்கத்துக்குச் சிறு பெருமையன்று.

முதற்படி முன்னரே வந்து சேர்ந்துவிட்டது. கொன்றைப்பூ வேண்டிய அப்பெண், பொங்கல் கழிந்த வாரம் இரண்டு மாலைகள் அமர்ந்து, தன் அப்பத்தாவின் கைக்கோலத்தைக் கட்டமிட்ட தாளில் புள்ளி புள்ளியாக எண்ணி எழுதிக்கொணர்ந்தாள். பரந்துபோன வரிகள் முதலில் எங்கிருந்தன என்று மூதாட்டியாரே விரல்வைத்துக் காட்டினாராம். "நீயும் இதையே குத்திக்கொள்வாயா?" என்று கேட்டோம். "இன்னும் முடிவு செய்யவில்லை. செய்தால், என் கைக்கு எது அழகு என்று தெரிந்தவரிடம்தான் செய்துகொள்வேன்" என்றாள்.

இவ்வாண்டுப் பொங்கலுக்கும் மூதாட்டியார் வந்திருந்தார். அதே பின்கட்டு, அதே அரிவாள்மணை. முழங்கைக்கு மேலே நின்றது ரவிக்கையின் கை. அருகில் அமர்ந்த சிறுமி ஒருத்தி, "பாட்டி, இது என்ன?" என்று கேட்டாள்.

"பச்சை" என்றார் அவர்.